பச்சையைச் சந்தேகித்தவர்

"எல்லாம் பச்சையா இருக்குக்கா. அதான் பயமா இருக்கு."

தணிகாசலம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே லேப்டாப்பை விரித்துக் காட்டினார். திரை முழுக்கப் பச்சை டிக்குகள்.

அக்கா எட்டிப் பார்த்தார்.

"பச்சைன்னா?"

"நான் வச்ச டெஸ்ட் எல்லாத்துலயும் என் புரோகிராம் பாஸ்."

"பாஸானா சந்தோஷம்தானேண்ணே?"

"ஒண்ணுகூட ஃபெயில் ஆகலக்கா. ஒண்ணுகூட! ஒரு ஸ்கூல்ல அத்தனை பேரும் கணக்குல நூத்துக்கு நூறு எடுத்தா நீங்க என்ன நினைப்பீங்க?"

"வாத்தியாரைத் தேடுவேன்."

"அதேதான்!" என்றார் தணிகாசலம். அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.

அக்காவுக்கு வயது முப்பத்து நான்கு. தணிகாசலத்துக்கு நாற்பத்தாறு. அவர் இவரை அக்கா என்பார், இவர் அவரை அண்ணே என்பார். மலையடிவாரத்து அந்த வீட்டுக்கு வருகிற எல்லோருக்குமே அவர் அக்காதான். ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர்கூட அப்படியே கூப்பிட்டுவிட்டு, போகும் வழியெல்லாம் வெட்கப்பட்டுக்கொண்டே போனார்.

புரோகிராம் எழுதிக் குழம்பியவர்கள் அங்கே வருவார்கள். சிலர் தெளிந்து போவார்கள். சிலர் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

"உக்காருங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க."

தணிகாசலம் நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

அவருடைய புரோகிராம் ஒரு மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகள் வார்டில் ஓடுகிறது. நர்ஸ் குழந்தையின் எடையையும் மற்ற விவரங்களையும் தட்டினால் போதும். எந்த மருந்து, எவ்வளவு, என்ன வேகத்தில் இறங்க வேண்டும் என்று அது சொல்லிவிடும்.

சொல்வதுதான் தணிகாசலத்தின் புரோகிராம். கணக்குப் போடுவது வேறொன்று. அது ஒரு லைப்ரரி. முகம் தெரியாத யாரோ எங்கேயோ உட்கார்ந்து எழுதி, உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். தணிகாசலம் அதை எடுத்துத் தன்னுடையதற்குள் சொருகிக்கொண்டார். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். எழுதுவது கொஞ்சம், சொருகுவது நிறைய.

அந்த லைப்ரரிக்குப் புது வெர்ஷன் வந்துவிட்டது. பழையதில் ஓர் ஓட்டை இருக்கிறது, அது வழியாக வெளியாட்கள் உள்ளே புகுந்துவிடலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று மாலை ஆறு மணிக்குள் புதியதை ஏற்றியாக வேண்டும்.

"ஆஸ்பத்திரி மேனேஜர் காலைலேர்ந்து போன் மேல போன்," என்ற தணிகாசலம், மேனேஜராகவே மாறினார். "'ஆறுன்னா ஆறு சார். ஆறு அஞ்சுக்கு சார், நான் மொத்தத்தையும் ஆஃப் பண்ணிருவேன் சார். அப்புறம் என்னைய சொல்லக்கூடாது சார்.'"

"ரொம்ப மரியாதையான மனுஷனா இருக்காரே."

"மிரட்டும்போது மட்டும்." தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார். "ஏத்துறதா, வேணாமா? அதைச் சொல்லுங்க. ஏத்தலைன்னா சிஸ்டம் நின்னு போயிரும். ஏத்தி, உள்ள ஏதாவது மாறியிருந்துச்சுன்னா ஒரு கிலோ புள்ளைக்கு மருந்து கூடப் போயிரும். அந்தப் புள்ளைங்க கை என் சுண்டு விரல் தண்டிதான்க்கா இருக்கும்."

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

பிறகு கேட்டார்: "யார் மேல சந்தேகம்?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல தணிகாசலம் நிமிர்ந்தார்.

"முதல்ல எழுதினவங்க மேல. புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்கார். சொந்தப் போட்டோ போடல. பூனைப் படம் போட்டிருக்கார்."

"பூனை எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு. பூனைக்குப் பின்னாடி யாரு? அதைச் சொல்லுங்க."

"அடுத்து?"

"அவங்க விட்டிருக்கிற அறிவிப்பு மேல." போனை எடுத்து வாசித்தார். ரயில் நிலையத்தில் கேட்கிற அந்த அம்மாளின் குரல் அப்படியே வந்தது. "'இந்தப் பதிப்பில் சிறு சிறு மேம்பாடுகள் செய்யப்பட்டுள்ளன. பயனாளர்களின் அனுபவம் மேலும் இனிமையாக்கப்பட்டுள்ளது. ஏற்கெனவே இயங்கும் எதுவும் பாதிக்கப்படாது!'"

"நல்ல செய்திதானே?"

"ஆச்சரியக்குறி போட்டிருக்கான்க்கா. ஒருத்தன் உங்க வீட்டுக்கு வந்துட்டு, நீங்க கேக்காமலே 'உங்க பீரோவை நான் தொடவே இல்லைங்க!'ன்னா?"

"பீரோவைத் திறந்து பாப்பேன்."

"பாத்துட்டேன். டெஸ்ட் போட்டேன், பச்சை. மறுபடியும் போட்டேன், பச்சை. கம்ப்யூட்டரை மாத்திப் போட்டேன், பச்சை. என் கை மேலயே சந்தேகம் வந்து, சம்சாரத்தைக் கூப்பிட்டு என்டர் தட்டச் சொன்னேன்."

"பச்சை."

"பச்சை! அவளுக்கு ஒரே பெருமை."

பூவராகன் சுக்குக் காபி கொண்டுவந்து வைத்தான். தணிகாசலம் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார்.

"எப்பவும் போலத்தானே போட்ட?"

"எப்பவும் போலத்தாண்ணே."

"அப்படிச் சொன்னாத்தான் எனக்கு இடிக்குது."

பூவராகன் அக்காவிடம் படிக்க வந்து அங்கேயே தங்கிவிட்டவன். முப்பது வயது. அதற்கு முன்னால் பெரிய கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். ஒரு நாள் காலை மேலாளரின் குரலில் போன் செய்து தன் மாடியில் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் லீவு கொடுத்தான். ஒருவரும் வரவில்லை. மேலாளர் மட்டும் வந்திருந்தார்.

அக்கா எழுந்தார்.

"அண்ணே, நான் மாடி ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிறேன். நீங்க வெளிய உக்காந்து, உள்ள இருக்கிறது நான்தானான்னு கேள்வி கேட்டு சோதிச்சுட்டே இருங்க. சந்தேகம் வந்தா உடனே கதவைத் தட்டுங்க."

"இதுக்கும் அதுக்கும் என்னக்கா சம்பந்தம்? மணி நாலாச்சு!"

அக்கா அதற்குள் பாதிப் படி ஏறிவிட்டார். சம்பந்தத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் குரு எதற்கு.

தணிகாசலம் மாடியில், சாத்திய கதவுக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேண்ணே."

அக்காவின் குரல்தான். ஆனால் வெறும் குரலை நம்புகிற ஆளா தணிகாசலம்?

"நான் எழுதின முதல் புரோகிராம் எது?"

"மாவு மில்லுக்கு எழுதினது. அரிசி அரைச்சா மிளகாய்க்கு பில் வருமே, அது."

சரியான பதில். போனில் ஒரு டிக் போட்டுக்கொண்டார்.

"போன தடவை என்னைய எதுக்குத் திட்டினீங்க?"

"எழுதுன புரோகிராம் என்ன பண்ணுதுன்னு பக்கத்துல ஒரு வரி விளக்கம் எழுத மாட்டீங்களே, அதுக்கு. இப்பவும் எழுதியிருக்க மாட்டீங்க."

டிக். கொஞ்சம் வலித்ததால் அழுத்தமாகவே போட்டார்.

"என் சம்சாரம் சமையல்ல உங்களுக்குப் புடிச்சது?"

"அவங்க ஊருக்குப் போயிருந்தப்ப நீங்க வாங்கிக் குடுத்த பரோட்டா."

டிக்.

"கடவுள் உண்டா, இல்லையா?"

"நடந்ததெல்லாம் பதிவாகுற லாக் ஃபைல்ல இருக்கான்னு தேடிப் பாருங்க."

இதை அக்காவைத் தவிர யார் சொல்வார்கள்? டிக்.

இப்படியே போயிற்று. தணிகாசலம் திடீர் திடீரென்று கேட்டார். குறுக்கே விழுந்து கேட்டார். பேசாமல் இருந்துவிட்டுச் சட்டென்று கேட்டார். ஒரு பதிலும் பிசகவில்லை. போன் முழுக்க டிக்.

"யார்கூடண்ணே பேசிட்டு இருக்கீங்க?"

"உங்ககூடத்தான்," என்றார் தணிகாசலம், கதவைப் பார்த்தபடியே.

அப்புறம்தான் திரும்பினார்.

படியில் அக்கா நின்றிருந்தார். கையில் துணிப்பை. ஒரு வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒடியாமல் வளைந்தது.

கதவுக்கு உள்ளிருந்து அக்காவின் குரல் விடாமல் சொன்னது: "லாக் ஃபைல்ல இல்லைன்னா பேக்கப்ல பாருங்கண்ணே."

கதவு திறந்தது. பூவராகன் வெளியே வந்து கும்பிடு போட்டான்.

"அந்த ரூமுக்குப் பின்பக்கமா இன்னொரு படி இருக்குண்ணே," என்றார் அக்கா. "அவன் அது வழியா ஏறினான், நான் இறங்கினேன். சந்தைக்குப் போய், பேரம் பேசி, ஏமாந்து, வந்தும் ஆச்சு."

தணிகாசலத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"அங்க புள்ளைங்க உசுரு ஊசலாடுது. இங்க நாடகம் போடுறீங்க! எனக்கு ஒவ்வொரு முடியா கொட்டிட்டு இருக்கு!"

"கொட்டுறதுக்கு எங்க இருக்கு?" என்றது ஒரு குரல். அதுவும் தணிகாசலத்தின் குரல்தான். பேசியது பூவராகன்.

அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அண்ணே. அவன் சொன்ன பதில் ஏதாவது தப்பா?"

"இல்ல."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட இல்ல. எல்லாம் டிக்..."

தணிகாசலம் நிறுத்தினார்.

கையிலிருந்த போனைப் பார்த்தார். மூடிய லேப்டாப்பைப் பார்த்தார். பூவராகனை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

மெல்லப் படியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார்.

"அக்கா."

"ம்."

"அந்த லைப்ரரி மெதுவா ஓடும். ஒரு தடவை டெஸ்ட் போட்டு முடிக்க அரை மணி நேரம் ஆவும். அதனால அப்பவே, எழுத ஆரம்பிச்சப்பவே..."

"ம்."

"ஒரு டூப் போட்டுட்டேன்."

சினிமாவில் ஹீரோவுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிப்பாரே, அதே டூப்தான். டெஸ்ட் நடக்கும்போது மட்டும் லைப்ரரி நிற்க வேண்டிய இடத்தில் இது போய் நிற்கும். இதைக் கேட்டால் இதைச் சொல், அதைக் கேட்டால் அதைச் சொல் என்று தணிகாசலமே எழுதிக் கொடுத்திருந்தார். இதுவும் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

பூவராகன் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுக்குத் தொழில்முறை ஆர்வம்.

"நல்லாப் பேசுமாண்ணே?"

"அச்சு அசல் லைப்ரரி மாதிரியே பேசும்."

"எந்த வெர்ஷன் மாதிரி?"

"பழைய..." என்ற தணிகாசலம் தலையில் கை வைத்தார்.

"புது ஆளை நான் இன்னும் ஒரு கேள்விகூடக் கேக்கலையேக்கா," என்றார்.

டூப்பை வெளியே அனுப்பிவிட்டு, புது லைப்ரரியையே நிஜமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். என்டர் தட்டினார். இந்த முறை சம்சாரத்தைத் தேடவில்லை.

அரை மணி நேரம் ஆயிற்று. அக்கா வெண்டைக்காய் நறுக்கினார். ஒரு டிக் விழுந்தது, இன்னொரு டிக் விழுந்தது. தணிகாசலம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு பச்சைக்கும் "உன்னை நம்ப மாட்டேன்," "உன்னையும்தான்," என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு சிவப்பு விழுந்தது.

"சிக்கிட்டான்!" என்று துள்ளி எழுந்தார். "பூனை சிக்கிருச்சு!"

"என்னண்ணே கேட்ட கேள்வி?"

"எடையை எழுதாமக் காலியா விட்டா என்ன பண்ணுவேன்னு. பழைய ஆள் கணக்குப் போட மாட்டேன்னு அப்படியே நின்னுரும். நின்ன உடனே மெஷின் கத்தும். இது நிக்கல. கத்தலை. கம்முனு ஒரு கணக்கைப் போட்டுக் குடுத்துருச்சு."

சொல்லிக்கொண்டே வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தரை தாண்டிவிட்டது. போன் அடித்தது.

"சார், ஏத்தியாச்சா சார்? நான் சுவிட்ச் கிட்டதான் சார் நிக்கிறேன் சார்."

"ரெண்டே நிமிஷம்," என்று சொல்லிப் போனை வைத்தார்.

மறுபடி திரையைப் பார்த்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

"ஓ. இதைத்தான் இனிமைன்னு எழுதியிருக்கான். பழைய ஆள் மூஞ்சியில அடிச்ச மாதிரி நிக்கும்க்கா. இது தன்மையா நடந்துக்குது. யோசிச்சுப் பாத்தா மேம்பாடுதான். என் டெஸ்ட்தான் பழசாப் போச்சு."

"அப்ப?"

"டெஸ்ட்டைத் திருத்திருவோம்."

கத்த வேண்டும் என்று எழுதியிருந்த இடத்தில், கத்தக் கூடாது என்று எழுதினார். அந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் மறுபடி ஓட்டினார்.

பச்சை.

தணிகாசலம் காலை நீட்டினார். காலையிலிருந்து முதல்முறையாக முதுகைச் சுவரில் சாய்த்தார்.

"பாவம் அந்தப் பூனை," என்றார். "நல்ல மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன்."

அக்கா அடுத்த வெண்டைக்காயை எடுத்தார்.

"எடையே இல்லாம எப்படிண்ணே கணக்கு வரும்?"

"பொதுவா பொறக்கிற புள்ளைங்களோட சராசரி எடை ஒண்ணை வச்சுக்குது. மூணு கிலோ."

"உங்க வார்டுல மூணு கிலோப் புள்ளைங்க எத்தனைண்ணே இருக்கும்?"

"அங்க ஏதுக்கா மூணு கிலோ? ஒண்ணு, ஒண்ணேகால். அதனாலதானே அவங்களை அந்த..."

சுவரிலிருந்து முதுகு விலகியது.

ஆனாலும் உடனே தலையை ஆட்டினார். "இல்ல இல்ல. எடையைக் காலியா விட மாட்டாங்க. நானே போய் டிரெய்னிங் குடுத்திருக்கேன். எடை முதல், மத்தது அப்புறம்னு சொல்லியிருக்கேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட அப்படி நடந்ததில்ல."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அதைத்தான் சொல்றேன். ஒரு கம்ப்ளெயின்ட்டு வந்ததில்லையே!"

அக்கா அவருடைய போனை அவர் பக்கமாகத் தள்ளினார்.

தணிகாசலம் வார்டுக்கு அழைத்தார். போனை ஸ்பீக்கரில் போட்டுப் படியில் வைத்தார்.

"சொல்லுங்க சார், நான் அமலோற்பவம் பேசுறேன். சீக்கிரம் சொல்லுங்க, லேபர் வார்டுலேர்ந்து ஒரு புள்ள வருது." அந்த வார்டின் பொறுப்பு நர்ஸ். பின்னால் ஏதோ ஒரு குழந்தை பூனைக்குட்டி மாதிரி அழுதது.

தணிகாசலம் மெல்லத் திரும்பிப் பூவராகனை உற்றுப் பார்த்தார்.

பூவராகன் வாய் நிறையப் பச்சை வெண்டைக்காயை மென்றுகொண்டிருந்தான். 'நான் இல்லை' என்று கையை விரித்தான்.

"சார்? இருக்கீங்களா?"

"இருக்கேன் சிஸ்டர். எடையைப் போடாமலே மெஷின்ல மத்ததைப் போட்டது எப்பவாவது உண்டா?"

"ஐயோ, தினமும் சார்."

"தினமுமா?"

"புள்ளையைக் கையில ஏந்திட்டு ஓடி வர்றப்ப எடைக்கு எங்க சார் நேரம்? முதல்ல மூச்சு. அப்புறம் ஊசி. ஒருத்தி மெஷினைத் தட்டிட்டு இருப்பா, இன்னொருத்தி குழாயைச் சொருகிட்டு இருப்பா. எடை விட்டுப் போச்சுன்னா உங்க மெஷின் 'கீ'ன்னு கத்தும். உடனே தராசுல போட்டுருவோம்."

"இதை நீங்க என்கிட்ட சொன்னதே இல்லையே சிஸ்டர். ஒரு கம்ப்ளெயின்ட்கூடப் பண்ணலையே?"

"எதுக்கு சார் பண்ணணும்? நல்லதுக்குத்தானே கத்துது? அது சும்மா இருந்தா எடை போட்டாச்சுன்னு அர்த்தம். நாங்க மருந்தை ஏத்திருவோம்."

அக்காவின் கத்தி நின்றுவிட்டது.

"ஏன் சார்?" என்றது போன். "இனிமே கத்தாதா?"

தணிகாசலம் லேப்டாப்பை மடிக்கு இழுத்தார். தன்னுடைய புரோகிராமைத் திறந்தார். லைப்ரரியைக் கணக்குப் போடச் சொல்லிக் கூப்பிடுகிற வரிக்குப் போய், அதற்கு மேலே, எடை காலியா என்று பார்க்கும் ஒரு புது வரிக்கு இடம் விட்டார்.

"கத்தும் சிஸ்டர்," என்றார். "இனிமே நான் கத்துறேன்."